நலவாழ்வுப் பக்கம்: லேசர் ஒளியும் விழித்திரையும்

விநாயக சதுர்த்தி என்றால் ஊரில் நம் பெரியோர் அறிந்தது ஒருநாள் விழா. சந்தையில் களிமண் பிள்ளையாரை வாங்கி, எருக்கமாலை சூட்டி, கொழுக்கட்டை படைத்து, ஓரிரு நாளில் கிணற்றிலோ குளத்திலோ கரைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவர். மும்பையிலும் புணேயிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கோ அது பத்து நாள் திருவிழாவாகிவிட்டது. நம் இளைஞர் பலர் தத்தம் வட்டாரத்து மண்டல்களில் முன்னின்று உழைக்கின்றனர். கரைப்பு ஊர்வலத்தன்று குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு தந்தையர் தெருவில் நிற்கின்றனர். இவற்றில் நமக்கு மகிழ்ச்சியே தவிரக் குறையொன்றுமில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் அவ்வூர்வலங்களில் முரசுக்கும் பெரும் ஒலிபெருக்கிக்கும் துணையாக மற்றொன்று சேர்ந்துள்ளது. லாரியின் மேல் பொருத்திய பெட்டியிலிருந்து பச்சையும் நீலமுமாகக் கூட்டத்தின்மீது பாய்ந்து சுழலும் லேசர் ஒளிக்கற்றையைத்தான் கூறுகின்றோம்.

2023, 2024 ஆம் ஆண்டுகளில் ஊர்வலம் முடிந்த மறுநாள்களில், பார்வை மங்கியதென்று இளைஞர்கள் கண் மருத்துவர்களை நாடிய செய்திகள் மகாராஷ்டிரத்தின் பல நகரங்களிலிருந்து வெளிவந்தன. விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தனர். புணே மாநகரக் காவல் துறை 2024 ஆம் ஆண்டு விழாக் காலத்தில் இத்தகைய ஒளிக்கற்றை விளக்குகளுக்குத் தடையாணை பிறப்பித்தது. ஆணை வந்தது நன்றே. எனினும், ஒளி எவ்வாறு கண்ணைக் கெடுக்கும் என்பதை வீட்டிலுள்ளோர் அறியாதவரையில், தெருவில் தடுக்கப்பட்டது பொம்மைக் கடை வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிடும். உண்மையில் நுழைந்தும் விட்டது. நடைபாதைக் கடைகளில் சாவிக்கொத்தளவில் விற்கப்படும் லேசர் விளக்கைக் கையில் வைத்திராத சிறுவன் இன்று அரிது. ஆதலின் இத்திங்கள் இப்பக்கத்தை இப்பொருளுக்கே ஒதுக்கியுள்ளோம்.

முதலில், லேசர் ஒளி மற்ற ஒளியினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைப் பார்ப்போம். வீட்டு மின்விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிச் செல்வது. பத்தடி தொலைவில் நின்றால் அதன் ஒளியில் மிகச் சிறு பங்கே நம் கண்ணுள் புகும். இருபதடி விலகினால் அதிலும் கால் பங்குதான். லேசர் அவ்வாறன்று. அது ஏறக்குறைய இணைகோடுகளாக, ஒரே நிறத்தில், கட்டுக்குலையாது செல்வது. நெடுந்தொலைவு சென்ற பின்னும் அதன் கற்றை மிகச் சிறிதளவே விரிகின்றது. “எட்ட நின்றால் ஆபத்தில்லை” என்று தீயையும் பட்டாசையும் பற்றி நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் அறிவுரை இங்கே பயன்படாது போவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய ஒளியைப் பெறலாம் என்னும் கருத்துக்கு ஐன்ஸ்டைன் 1917 ஆம் ஆண்டிலேயே வித்திட்டார். அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பார் 1960 ஆம் ஆண்டு மே மாதம் மாணிக்கப் படிகமொன்றைக் கொண்டு அதனை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டினார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புணேயில் பொறியியல் பயின்ற குமார் படேல், 1964 ஆம் ஆண்டில் கரியமில வாயு லேசரைக் கண்டறிந்தார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. அவர் கண்ட கதிர் கண்ணுக்குத் தெரியாதது; விழித்திரையை எட்டாமல் கருவிழிப் படலத்திலேயே தங்கி அதனைச் சுடுவது. எல்லா லேசரும் ஒரே இடத்தைத் தாக்குவதில்லை என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. விழித்திரைக்குப் பகையானவை, ஏறத்தாழ 400 முதல் 1400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்களே. நாம் காணும் நிறங்கள் யாவும், அவற்றை அடுத்த அகச்சிவப்பின் ஒரு பகுதியும் இதில் அடங்கும். இக்கதிர்களைக் கருவிழிப் படலமும் உள்ளிருக்கும் வில்லையும் தடையின்றி உள்ளே விட்டுவிடுகின்றன. விட்டுவிடுவதோடு நில்லாமல், அவற்றை ஒரு புள்ளியில் குவித்தும் தருகின்றன.

இக்குவித்தலில்தான் தீங்கெல்லாம் அடங்கியுள்ளது. பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிய அனுபவம் நம்மில் பலருக்கு இளமையில் உண்டு. நம் கண்ணும் அத்தகைய கண்ணாடியே. கண்மணி வழியே புகுந்த லேசர் கற்றையை அது ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலிரு பங்கு அகலமுள்ள புள்ளியாகச் சுருக்கிவிடும். கருவிழியின்மேல் விழும்போது இருந்த செறிவு, விழித்திரையை அடையும்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்காகின்றது. சூரியனை நேரே நோக்கினாலும் கண்ணுள் விழும் அதன் பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் ஆறிலொரு பங்கு அகலம் இருக்கும். லேசரின் புள்ளியோ அதனினும் மிகச் சிறியது. ஆதலால் ஒரே ஒரு மில்லிவாட் ஆற்றலுள்ள சிறு லேசர்கூட, தான் படும் இடத்தில் நடுப்பகல் சூரியனையும் விஞ்சிய செறிவை உண்டாக்கவல்லது. நடுப்பகல் சூரியனை எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பார்க்கவிடுவதில்லை.

விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தில் கால் மில்லிமீட்டர் கனத்தில் படிந்துள்ள நரம்புப் படலம். அதன் நடுவே மஞ்சள் புள்ளி எனப்படும் ஓரிடம் உண்டு. படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காண்பதும் அவ்விடத்தாலேயே நடைபெறுகின்றன. அதிலும் மிகக் கூரிய பார்வைக்குரிய நடுக்குழி ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குதான். எஞ்சிய பரப்பு முழுவதும் பக்கப் பார்வைக்கு உதவுவது. ஒருவர் ஒளியை உற்று நோக்கும்போது அது விழுவது ஓரத்திலன்று, சரியாக நடுக்குழியில். ஓரத்தில் சிறு புண் ஏற்பட்டால் நாம் அறியாமலே வாழ்நாளைக் கழித்துவிடலாம். நடுவில் ஏற்பட்டால் எழுத்து மறையும். தாராவியில் தோல் தைத்தும், தையற்பொறியில் அமர்ந்தும், பொன்வேலை செய்தும் பிழைக்கும் நம்மவர்க்கு அப்புள்ளியே மூலதனம் என்று கூறினால் மிகையாகாது.

ஒளி அவ்விடத்தை மூன்று விதமாகக் கெடுக்கின்றது. விழித்திரையின் அடியில் கருநிறமிகள் நிறைந்த ஒரு படலம் உள்ளது. அது ஒளியை உறிஞ்சிச் சூடேறும். சூடு மிகுந்தால் அருகிலுள்ள உயிரணுக்கள், கொதிநீரில் இட்ட முட்டையின் வெண்கருவைப் போல் உறைந்துவிடுகின்றன. பண்டிகை விளக்குகளாலும் கைவிளக்குகளாலும் விளைவது பெரும்பாலும் இவ்வகையே. இரண்டாவது, நீல ஒளி நெடுநேரம் படுவதால் வேதி மாற்றத்தினால் வரும் கேடு. அதற்குச் சூடு வேண்டுவதில்லை. மூன்றாவது, கண்ணிமைப்பினும் மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் லேசரால் நேர்வது. அங்கே திசு திடீரென ஆவியாகி, சிறு வெடிப்புப் போல் விழித்திரையைக் கிழித்து இரத்தக் கசிவை உண்டாக்கும். இத்தகைய லேசர்கள் ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ளவை. அங்கே வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள், அந்தந்த அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்ட காப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணிய வேண்டும். கடையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

“கண் கூசினால் தானே மூடிக்கொள்ளுமே, பின் எப்படிக் கெடும்?” என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வியே. பேரொளி பட்டால் இமை மூடிக்கொள்ள ஏறத்தாழ கால் நொடி ஆகும். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட லேசருக்கு இந்தக் காப்பு போதும். இரண்டாம் வகுப்பு என்று முத்திரையிடப்பட்ட கருவிகள் இக்கணக்கை வைத்தே வகுக்கப்பட்டவை. ஐந்து மில்லிவாட் வரையில் ஆபத்து சிறிது கூடும். ஐந்நூறு மில்லிவாட்டைக் கடந்தவை நான்காம் வகுப்பு. அவை கண்ணோடு தோலையும் சுடும், துணியைத் தீய்க்கும். அவற்றின் கற்றை நேரே பட்டால், இமை அசையத் தொடங்கு முன்னரே கேடு முடிந்துவிடும். பண்டிகை மேடைகளில் வைக்கப்படும் லேசர்ப் பெட்டிகளில் பல இந்த நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. போதாக்குறைக்கு, வியப்பான ஒன்றைக் கண்டால் கண்ணை மூடாமல் அகல விரித்துப் பார்ப்பதே மனித இயல்பு. இரவில் கண்மணி விரிந்திருப்பதும் கற்றைக்கு வசதியாகிவிடுகின்றது.

பெட்டிக்குள் சிறு கண்ணாடிகள் விரைவாக அசைந்து கற்றையை வீசி வரைவதனாலேயே காட்சிகள் உண்டாகின்றன. வீசும் கற்றை ஒரு கண்ணில் தங்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் அக்கண்ணாடி சிக்கி நின்றாலோ, மெதுவாகச் சுழலும்படி வைக்கப்பட்டாலோ, முழு ஆற்றலும் ஒரே இடத்தில் நிலைத்துவிடும். அமெரிக்க விதிகளின்படி, பார்வையாளர் நிற்கும் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குக் கீழே வலிய கற்றை இறங்கலாகாது. அசையாத அரங்குக்கு வகுத்த விதி அது. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கிச் செல்லும் லாரியின்மேல் கயிற்றால் கட்டிய பெட்டிக்கு எந்த உயரத்தைக் கூறுவது? அன்றியும், மும்பையின் சால் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முதல் மாடி, இரண்டாம் மாடி நடைகளில் பாட்டிமாரும் குழந்தைகளும் வரிசையாக நின்று ஊர்வலம் காண்பது வழக்கம். தெருவில் நிற்போர் தலைக்குமேல் கற்றை போகட்டும் என்று உயர்த்தினால், அது சரியாக அவர்கள் முகத்துக்கு நேரே போய்ச் சேரும். தெருவை மட்டும் எண்ணி எழுதிய விதி இந்த மாடி நடைகளை மறந்துவிடுகின்றது என்பது நம் கருத்து. கடை முகப்புக் கண்ணாடியும் வண்டிகளின் பக்கக் கண்ணாடியும் கற்றையைத் திருப்பி விடுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். சுண்ணாம்பு பூசிய சுவரில் பட்டுச் சிதறும் ஒளியால் அத்தகைய தீங்கு பெரும்பாலும் இல்லை. வழவழப்பான பரப்பே எதிரி.

இனி வீட்டுக்குள் வருவோம். ஸ்விட்சர்லாந்து நாட்டில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு 2010 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. அவன் அஞ்சல் வழி தருவித்த கைலேசரின் ஆற்றல் 150 மில்லிவாட். தொலைவிலிருந்து பலூன்களை வெடிக்கச் செய்தும், காகிதத்தில் துளையிட்டும், தங்கையின் காலணியைச் சுட்டும் விளையாடியவன், ஒருநாள் கண்ணாடி முன் நின்று ‘ஒளிக்காட்சி’ நடத்தினான். திரும்பி வந்த கற்றை பலமுறை அவன் கண்களில் பட்டது. பார்வை மங்கியதைப் பெற்றோரிடம் சொல்ல அஞ்சி, தானே சரியாகிவிடும் என்று இரண்டு வாரம் காத்திருந்தான். மருத்துவமனையை அடைந்தபோது, ஒரு கண்ணால் மூன்றடி தொலைவில் காட்டிய விரல்களை எண்ண மட்டுமே முடிந்தது. சிகிச்சைக்குப் பின் நான்கு திங்களில் பார்வை பெரும்பாலும் மீண்டதாயினும், விழித்திரையில் தழும்பு நின்றுவிட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மருத்துவர்களும் பொம்மை லேசரால் மஞ்சள் புள்ளி சுட்டுக்கொண்ட ஐந்து சிறுவர்களைப் பற்றி எழுதியுள்ளனர். நமக்கு இவற்றில் உறுத்துவது அச்சிறுவன் காத்திருந்த அந்த இரண்டு வாரமே. அடிக்கும் தந்தையிடம் பிள்ளை கண்ணைப் பற்றிச் சொல்லமாட்டான்.

பெட்டியின்மேல் அச்சிட்டதை நம்பி வாங்கலாமா என்றால், அதற்கும் உறுதி கூறுவதற்கில்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 122 கைலேசர்களை அளந்து பார்த்த முடிவை 2013 ஆம் ஆண்டு வெளியிட்டது. பச்சை நிறக் கருவிகளில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறும், சிவப்பு நிறக் கருவிகளில் நாற்பத்து நான்கும் விதிமுறைக்கு மாறாக இருந்தன. பச்சைக் கருவிகளில் மற்றொரு சூதும் உண்டு. பெரும்பாலானவற்றில் பச்சை ஒளி நேரடியாகப் பிறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் படிகத்தில் செலுத்தி மாற்றிப் பெறப்படுவது. எஞ்சிய அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைக்க வேண்டும். மலிவுக்காக அதனை விட்டுவிட்டால், மங்கலாகத் தோன்றும் கருவியிலிருந்தும் வலிய கதிர் வெளிப்படும். காணாத ஒளிக்குக் கண் கூசாது, இமையும் மூடாது.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்றே: சிறுவர் கையில் இதனைக் கொடாதிருத்தல். பரிசாக வந்திருந்தால் மின்கலத்தைக் கழற்றிவிட்டு எடுத்து வைத்துவிடலாம். பள்ளியில் ஒருவர் கண்ணில் மற்றொருவர் பாய்ச்சும் விளையாட்டு நடக்கின்றதா என்று பிள்ளைகளிடம் கோபமின்றிக் கேட்டறிதல் நன்று. மண்டல்களில் பொறுப்பேற்றுள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: விளக்கு வாடகைக்குப் பேசும்போதே லேசர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண வண்ண விளக்குகளின் அழகில் பிள்ளையாருக்கு யாதொரு குறையும் வந்துவிடாது. கேளாமலே லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டால், கூட்டத்தையும் மாடிகளையும் நோக்காமல் திருப்பி வைக்கச் சொல்லும் உரிமை காசு கொடுத்தவருக்கு உண்டு. வேடிக்கை பார்ப்போர் ஒளியின் மூலத்தை நோக்காமல் விக்கிரகத்தையே நோக்கி நிற்க வேண்டும். கற்றை முகத்தில் பட்டால் உடனே கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கைப்பேசியின் திரை வழியே பார்ப்பதால் கண்ணுக்குக் கேடில்லை. ஆயினும் அதன் படக்கருவி பழுதாகக்கூடும்.

பட்டுவிட்டால் என்ன தோன்றும்? வலி தோன்றாது. விழித்திரையில் வலியறியும் நரம்பில்லை. இதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். சில நிமிடம் ஒளியின் நிழல் நிற்பது இயல்பு; அது தானே மறைந்துவிடும். மறையாமல் பார்வையின் நடுவில் கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு புள்ளி நிலைத்து நின்றாலும், எழுத்துகளில் நடுவெழுத்து விடுபட்டுத் தெரிந்தாலும், கதவு நிலையின் நேர்க்கோடு வளைந்து தோன்றினாலும், நிறங்கள் வெளிறினாலும் அது விழித்திரைக் கேட்டின் அறிகுறியாக இருக்கலாம். இரு கண்களையும் திறந்து சோதிப்பதில் பயனில்லை, நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, கணக்கு நோட்டின் கட்டங்களை மற்றக் கண்ணால் தனித்தனியே பார்க்கச் செய்ய வேண்டும். கட்டங்கள் கோணினாலோ ஓரிடம் மறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணைக் கசக்குவதும், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவதும், கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவதும் வேண்டா. புண் உள்ளே பின்சுவரில் இருக்கின்றது. மேலே விடும் எதுவும் அங்கே போய்ச் சேராது.

மும்பையில் அரசு மற்றும் மாநகராட்சிப் பெரிய மருத்துவமனைகளில் கண் பிரிவுகள் உள்ளன. செல்லும்போது லேசர் ஒளி பட்டதென்பதையும், நாளையும், நிறத்தையும், கிடைத்தால் கருவியையும் தெரிவிப்பது அவசியம். சொல்லாவிடில், வெளித்தோற்றத்தில் பழுதில்லாத கண்ணை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிட நேரும். கண்மணியை விரியச் செய்து உட்புறத்தைக் காண்பர், ஓ.சி.டி. எனப்படும் வருடல் படத்தில் விழித்திரையின் அடுக்குகள் ஒவ்வொன்றும் தெரியும். சிகிச்சையைப் பற்றி மிகைப்படக் கூறுவதற்கில்லை. இறந்த உயிரணுவை எழுப்பும் மருந்து இல்லை. சிறு காயங்கள் சில திங்களில் ஓரளவு தாமே தேறுவதுண்டு. இரத்தக் கசிவும் பலருக்கு மெல்ல வடியும். மஞ்சள் புள்ளியில் துளை விழுந்தால் அறுவை மூலம் மூட முயல்வர். பின்னாளில் அவ்விடத்தில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தால் கண்ணுள் ஊசிமருந்து செலுத்துவர். ஆகவே தேறிவிட்டது என்று தோன்றினாலும் மருத்துவர் குறித்த நாளில் மறுபடி காட்டுதல் வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நீரிழிவுக்காக லேசர் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுள்ள நம் பெரியோர் எவரேனும் மருத்துவமனைக்குப் போகாதிருந்துவிடுவரோ என்ற கவலை நமக்கு உண்டு. அவர்கள் பொருட்டு ஒரு செய்தி. 1945 ஆம் ஆண்டு ஜூலை மாதச் சூரிய கிரகணத்தைப் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவரின் கண்ணைச் சோதித்த ஜெர்மானிய மருத்துவர் மேயர்-ஷ்விக்கெராத், இந்தச் சூட்டையே நல்வழியில் பயன்படுத்தினால் என்ன என்று சிந்தித்தார். சூரிய ஒளியையும் பின்னர் மின்வில் ஒளியையும் கொண்டு, விழித்திரையில் உண்டான கிழிசல்களைச் சுற்றிச் சுட்டு ஒட்டவைத்தார். லேசர் பிறந்த மறு ஆண்டே, 1961 இல், அது விழித்திரைச் சிகிச்சைக்குக் கையாளப்பட்டது. நீரிழிவு முற்றியவர்க்கு விழித்திரையில் தோன்றும் தீய இரத்தக் குழாய்கள் கண்ணைக் கெடுக்காமலிருக்க, நடுப்புள்ளியை விலக்கி ஓரப்பகுதிகளில் அளவறிந்து வைக்கும் சிறு சூடுகளே இச்சிகிச்சை. ஓரப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் சிறிது குறையலாம். செய்துகொள்ளாவிடில் நடுப் பார்வையே போய்விடக்கூடும். எனவே நாள் குறிக்கப்பட்டவர்கள் அந்நாளில் தவறாது செல்வாராக. கண்மணியை விரிக்கும் மருந்திடுவார்களாதலால் திரும்பும்போது சில மணி நேரம் பார்வை கூசும். மின்சார ரயிலில் தனியே வராமல் வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நலம்.